முறிந்த பல்வேர்

பல்லைப் பிடுங்குகையில் வேர் முறிந்து தாடையுள் தங்கிவிட்டால், எலும்பை உளியால் வெட்டுவார்களோ என்றஞ்சிப் பலர் மருத்துவரிடம் திரும்பிச் செல்வதில்லை. சீழ் பிடித்து முகம் வீங்கிய பின்னரே ஓடுகின்றனர். அவ்வச்சம் இன்று பெரும்பாலும் வேண்டாதது.

வேரை எலும்புடன் பிணைத்திருப்பவை மெல்லிய நார்களே. மரத்துப்போக ஊசியிட்டபின், 'பெரியோடோம்' எனும் மெல்லிய அலகுடைய கருவியை வேருக்கும் எலும்புக்கும் இடையே சிறிது சிறிதாகச் செலுத்தி, அந்நார்களைச் சுற்றிலும் அறுத்தால் வேர் தளர்ந்துவிடும். இதற்குக் கைவலிமை உதவாது, பொறுமையே வேண்டும். நேரான ஒற்றை வேருக்கு இம்முறை மிகப் பொருந்தும். வளைந்த வேராயின் எலும்பைச் சிறிது குறைக்க நேரலாம்.

எல்லாத் துண்டுகளையும் எடுத்தே தீரவேண்டுமென்பதுமில்லை. சீழற்ற சிறு நுனி கீழ்த்தாடை நரம்பை ஒட்டியிருப்பின், எக்ஸ்ரே படம் பார்த்து, நோயாளியிடம் கூறிவிட்டு, அதனை விட்டுவைப்பதும் உண்டு. கூறாவிடில் நீங்களே கேளுங்கள்! இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போர் அதனை முன்கூட்டியே தெரிவிக்கவும், தாமாகவே நிறுத்தலாகாது.