கட்சிக்காரர் காசுக்குக் கொப்பி எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு. காணி உறுதி எழுதக் காசு கொடுத்தவர்களும் கொடுக்கப் போகிறவர்களும் கடைசி வரை வாசியுங்கள்.

நாம் கணக்குக் கேட்கத் தெரியாத சமூகம் அல்ல. ஜும்ஆ முடிந்ததும் பள்ளி நிர்வாகத்திடம் சந்தாக் கணக்குக் கேட்கிறோம். கற்பிட்டியில் போட் கரைக்கு வந்தால் எண்ணெய், ஐஸ் செலவு கழித்துப் பங்கு பிரிக்கும்போது நூறு ரூபாய் குறைந்தாலும் விடமாட்டோம். சீட்டுப் பிடிக்கிற தாத்தாவின் கொப்பியை வாங்கி வரி வரியாகப் பார்க்கிறோம். ஆனால் சட்டத்தரணியின் ஒப்பிசுக்குள் போனதும் வாய் அடைத்துப் போகிறது. இலட்சக்கணக்கில் எண்ணிக் கொடுத்துவிட்டு, "சரி சேர், நீங்க பாத்துக் கொள்ளுங்க" என்று வந்துவிடுகிறோம். துண்டுச் சீட்டுக் கூடக் கையில் இல்லை.

இதற்குப் பெயர் மரியாதை என்று சொல்லாதீர்கள். இது பயம். அந்தப் பயத்தில் சிலர் வாழ்கிறார்கள்.

பாடசாலையில் வணிகமும் கணக்கீடும் படிப்பிக்கிற நாங்கள் பிள்ளைகளுக்கு முதலில் சொல்வது ஒன்று: கையில் வந்த காசெல்லாம் வருமானம் அல்ல. கட்சிக்காரர் கொடுத்த காசு ஒப்பிசின் வங்கியில் கிடந்தாலும் அது ஒப்பிசுக்குப் பொறுப்பு, அதாவது திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கும் இந்த விஷயம் பெரிய படிப்புப் படித்த சிலருக்கு விளங்கவில்லை என்றால் நாம் நம்ப வேண்டுமா?

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 20 இலட்சம் பெறுமதியான காணி. முத்திரைத் தீர்வை முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 3,000 உம் 76,000 உம் சேர்த்து 79,000 ரூபாய். "எல்லாத்துக்குமாக 1,20,000 கொண்டு வாங்க" என்கிறார் நொத்தாரிசு. கொடுக்கிறோம். சரியான பதிவுகள் இப்படி இருக்க வேண்டும்:

காசு வந்த அன்று: கட்சிக்காரர் வங்கிக் கணக்கு வரவு 1,20,000. அந்தக் கட்சிக்காரர் பெயரிலுள்ள பேரேட்டுக் கணக்கு செலவு 1,20,000.

தீர்வை கட்டிய அன்று: கட்சிக்காரர் பேரேடு வரவு 79,000. கட்சிக்காரர் வங்கி செலவு 79,000. வங்கிச் சிட்டையின் பிரதி கோவையில்.

தோம்பு பார்த்த செலவு, பதிவுச் செலவு 4,000 என்று வைப்போம். அதே பதிவுதான்.

தம்முடைய கூலி 30,000: முதலில் பில். பில் கொடுத்த பிறகுதான் கட்சிக்காரர் வங்கியிலிருந்து ஒப்பிசின் சொந்த வங்கிக்கு மாற்றம்.

மீதி 7,000. அது யாருடையது? உங்களுடையது. திரும்பி வர வேண்டும். எத்தனை பேருக்கு வந்திருக்கிறது? கொமண்டில் சொல்லுங்கள். ஆட்களின் பெயர் மட்டும் வேண்டாம்.

இன்னும் இரண்டு விதிகள் இருக்கின்றன. எந்தக் கட்சிக்காரரின் பேரேட்டிலும் அவர் கொடுத்ததை விடக் கூடுதலாகச் செலவு போயிருக்கக் கூடாது. போயிருந்தால் இன்னொருவரின் காசு எடுக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அடுத்தது, எல்லாக் கட்சிக்காரர்களின் மீதிகளையும் கூட்டினால் வரும் தொகை காசேட்டோடும் வங்கிக் கூற்றோடும் ஒத்துப் போக வேண்டும். நாம் பரீட்சைக்காக எழுதும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுத்தான் இது. இங்கிலாந்தில் சட்டத்தரணி நிறுவனங்கள் ஐந்து வாரத்துக்கு ஒரு முறையாவது இதைச் செய்தே ஆக வேண்டும். கட்சிக்காரர் காசைத் தனிக் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊரில்" என்று சொல்பவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். இந்தியாவில் பார் கவுன்சில் விதிகள் என்ன சொல்கின்றன? கட்சிக்காரர் காசுக்கு வழக்கறிஞர் கணக்கு வைக்க வேண்டும். வந்த காசு கூலிக்கா செலவுக்கா என்று பதிவிலேயே காட்ட வேண்டும். செலவுக்கென்று வாங்கியதை எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் கூலியாக மாற்றக் கூடாது. கட்சிக்காரர் பேரில் காசு கிடைத்தால் தாமதியாமல் அறிவிக்க வேண்டும். கேட்டால் கணக்கின் பிரதி கொடுக்க வேண்டும். கையிலுள்ள காசைக் கடனாக மாற்றிக் கொள்ளவும் கூடாது. இராமேஸ்வரத்தில் இருப்பவருக்கு இது உரிமை என்றால் கற்பிட்டியில் இருப்பவர் கேட்பது மட்டும் குற்றமா?

விதி இருந்தால் களவு நடக்காதா? நடக்கும். 2006இல் சிங்கப்பூரில் ஒரு வழக்கறிஞர் கட்சிக்காரர்களின் 1 கோடி டொலருக்கும் மேற்பட்ட காசோடு நாட்டை விட்டே ஓடினார். அதன் பிறகு வீடு காணி வாங்கும் காசை வழக்கறிஞர்கள் கையாளும் முறையையே அந்த நாடு இறுக்கியது. 2023இல் இங்கிலாந்தில் அக்சியம் இன்ஸ் என்ற நிறுவனத்தில் கட்சிக்காரர்களின் 6 கோடி பவுணுக்கு மேல் காணாமல் போனது. கண்காணிப்பு அதிகாரசபை நிறுவனத்தை இழுத்து மூடியது. ஆனால் அங்கே சட்டத்தரணிகளே பணம் போட்டு வைத்திருக்கும் நட்டஈட்டு நிதியம் ஒன்று இருக்கிறது. இழந்தவர் போய்த் தட்ட ஒரு கதவு இருக்கிறது. நமது மூத்தம்மா எந்தக் கதவைத் தட்டுவார்?

இங்கே காசு தாமதித்தால் காசு மட்டும் போவதில்லை, காணியே போகலாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் காணி விற்பனை செல்லாது. ஆகவே நமக்கு அவரை விட்டால் வழி இல்லை. 1927ஆம் ஆண்டின் ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, முதலில் எழுதிய உறுதி பதியாமல் கிடந்து, பிறகு எழுதிய உறுதி விலை கொடுத்து வாங்கி முதலில் பதியப்பட்டால், பிந்தியதற்கே முன்னுரிமை. சூழ்ச்சி என்று நிரூபித்தால் தவிர. அதை நிரூபிக்க எத்தனை வருடம் நீதிமன்றம் ஏறி இறங்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். தீர்வைக் காசு யாரோ ஒருவரின் அவசரத்துக்குக் கைமாறி, உறுதி லாச்சிக்குள் தூங்கினால் இதுதான் நடக்கும்.

இந்தக் கரையில் இதன் பாரம் யார் தலையில்? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து உடுத்த உடையோடு விரட்டப்பட்டு வந்து, முகாமில் கிடந்து, பத்து பேர்ச் பதினைந்து பேர்ச்சாக வாங்கியவர்கள். குவைத்திலும் சவூதியிலும் அடுத்தவர் வீட்டில் வேலை செய்து பிள்ளைக்கென்று ஒரு துண்டுக் காணி வாங்கிய தாய்மார். அவர்களுக்கு இரண்டாவது தடவை வாங்க வழி இல்லை.

"எல்லா லோயர்மாரையும் கள்ளர் என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. காசே வாங்காமல் ஏழைகளுக்காக எழும்பி நிற்பவர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள், அல்லாஹ் அவர்களுக்கு அருள் செய்யட்டும். கணக்கு எழுதினால் அவர்களுக்குத்தான் முதல் லாபம். கொப்பி இருந்தால் நேர்மையானவரை யாரும் சந்தேகப்பட முடியாது. கொப்பி இல்லாவிட்டால் நல்லவரும் மற்றவரும் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள்.

"சின்ன ஒப்பிஸ், கணக்காளர் வைக்க வசதி இல்லை" என்பது அடுத்த சாட்டு. ஒரு சீஆர் கொப்பி, ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம், வங்கியில் இன்னொரு கணக்கு. இதற்கு என்ன வசதி வேண்டும்? பெட்டிக்கடைக்காரர் கடன் கொப்பி வைத்திருக்கிறார்.

"நம்பிக்கைதானே பெரிது" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். குர்ஆனின் மிக நீளமான வசனம் அல்பகராவின் 282. அது கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறியதோ பெரியதோ எழுதச் சோம்ப வேண்டாம், எழுதுபவர் நீதியாக எழுதட்டும், சாட்சி வையுங்கள் என்பது அதன் கட்டளை. ஒருவரை ஒருவர் நம்பிய சஹாபாக்களின் சமூகத்துக்குத்தான் அது இறங்கியது. எழுதுவது நம்பிக்கைக்கு எதிரி அல்ல, அமானிதத்துக்குக் காவல்.

ஆகவே இனிமேல் செய்ய வேண்டியது:

1. பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அதில் தீர்வைக்கு எவ்வளவு, செலவுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.
2. முடிந்தால் வங்கி மூலம் கொடுங்கள்.
3. தீர்வை கட்டிய வங்கிச் சிட்டையின் பிரதியைக் கேளுங்கள்.
4. விலைக் காசு தம் முன்னிலையில் கை மாறியதா, எவ்வளவு என்று நொத்தாரிசு உறுதியின் அத்தாட்சியில் எழுத வேண்டும். கையொப்பம் வைக்கும் முன் அந்த வரியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.
5. உறுதி பதிந்த நாளையும் பதிவிலக்கத்தையும் வாங்குங்கள். வேலை முடிந்ததும் மீதிக் கணக்கை எழுத்தில் கேளுங்கள்.

வஞ்சகம் செய்த, தொழில் முறைகேடு செய்த சட்டத்தரணியை இடைநிறுத்தவும் பெயரை நீக்கவும் 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஆனால் அங்கே போகக் கையில் ஆதாரம் வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாதவரின் முறைப்பாடு வெறும் அழுகை.

சட்டத்தரணிகள் சங்கத்திடம் நாம் கேட்பது: கட்சிக்காரர் காசுக்குத் தனி வங்கிக் கணக்கு, தனிப் பேரேடு, ஆண்டுக்கொரு முறை வெளியார் பரிசோதனை, இழந்தவருக்கு ஒரு நட்டஈட்டு நிதியம். பள்ளி நிர்வாகங்களிடம் கேட்பது: ஒரு ஜும்ஆவிலாவது மேலே உள்ள ஐந்தையும் சொல்லுங்கள்.

சட்டத்தரணி நண்பர்களே, கோபம் வந்தால் பதில் எழுதுங்கள். அதற்கு முன் உங்கள் கொப்பியை ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். மீதிகள் வங்கியோடு ஒத்துப் போனால் இந்தப் பதிவு உங்களைப் பற்றியது அல்ல.

மற்றவர்கள் பகிருங்கள். வாசிக்கத் தெரியாத உம்மாமாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.