ஒரே தண்ணீர்தானே தலையில் விழுந்தது?

"ஞானஸ்நானம்னா பேர் வைக்கிற விசேஷம்தானே?" என்று பிற மதத்துத் தோழிகள் என்னிடம் கேட்பதுண்டு. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கிறிஸ்தவர்களாகிய நாமே அதைப் பட்டுக் கவுன், கேக், பிரியாணி, வீடியோ என்றுதானே ஆக்கி வைத்திருக்கிறோம்! அதன் அர்த்தத்தை எவ்வளவு தூரம் மறந்துவிட்டோம் என்பது, அந்தப் பிள்ளை வளர்ந்து கல்யாணத்துக்கு நிற்கும்போதுதான் தெரிகிறது.

ஞானஸ்நானத்தில் நடப்பது என்ன? பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். நெற்றியில் சிலுவை அடையாளம் போடுகிறார்கள். கத்தோலிக்கக் கோயில்களில் வெள்ளை உடையும், பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய மெழுகுவர்த்தியும் கொடுப்பார்கள். பெந்தெகொஸ்தே சபையார் விவரம் தெரிந்த வயதில்தான் முழுக்கு ஞானஸ்நானம் எடுப்பார்கள். முறை வேறாக இருந்தாலும் பொருள் ஒன்றுதான். ஞானஸ்நானம் பெற்றவர் கடவுளுக்குச் சொந்தம் என்று சபை முன்னால் ஒப்புக்கொள்கிறோம். பத்து மாதம் சுமந்தவள் நான்தான், பால் கொடுத்தவள் நான்தான். ஆனாலும் என் பிள்ளை முதலில் அவருக்குச் சொந்தம், பிறகுதான் எனக்கு. பெற்ற எனக்கே இரண்டாவது இடம் என்றால், சாதிக்கு எத்தனையாவது இடம்?

யூதர்களின் விருத்தசேதனம் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும்தான். ஞானஸ்நானத்தில் ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. கிறிஸ்துவுக்குள் ஞானஸ்நானம் பெற்றவர்களிடையே இனம், அடிமை எஜமான், ஆண் பெண் என்ற எந்தப் பேதமும் இல்லை என்று பவுல் அப்போஸ்தலர் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் விளக்குகிறார். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் நர்ஸ்கூட குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபை. ஊற்றுகிற கை எந்தச் சாதி என்று அந்த நேரத்தில் யாராவது கேட்போமா?

ஆனால் வரன் பார்க்கும்போது கேட்கிறோம். எனக்குத் தெரிந்த குடும்பத்தில் நடந்தது இது. பெண் படித்து வேலைக்குப் போகிறவள். பையனும் அதே சபை. இரண்டு பேருக்கும் ஒரே போதகர்தான் ஞானஸ்நானம் கொடுத்தார், ஒரே ஞாயிறு பள்ளியில்தான் படித்தார்கள். பெரியவர்கள் பேச்சை ஆரம்பித்தபோது பையனின் அம்மா என்னிடம், "எல்லாம் சரிதான் அக்கா, பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா நம்ம ஆளுக இல்லையே!" என்றார். தினமும் வேதம் வாசிக்கிறவர், உபவாச ஜெபத்தைத் தவற விடாதவர். அந்தப் பெண் அன்று கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "அப்போ நாங்க யாரு ஆளுக, ஆன்ட்டி?" என்றாள்.

இது இன்று நேற்று வந்த நோய் இல்லை. எங்கள் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆலயத்துக்கு உள்ளேயே மக்களைச் சாதிவாரியாகப் பிரித்து ஒரு சுவர் இருந்தது. 1910-ல்தான் அதை இடித்தார்கள். அதே வடக்கன்குளத்தில்தான் 1745-ல் நட்டாலம் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர் மனைவி பார்கவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். விசுவாசத்துக்காகப் பல சித்திரவதைகளை அனுபவித்து, 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார் தேவசகாயம். 2022 மே 15-ல் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பெயரை ரோமாபுரி எடுத்துவிட்டது. ஞானஸ்நானம் பெற்று 277 வருஷம் கழித்து!

எங்கள் பாளையங்கோட்டைக் கதையையும் கேளுங்கள். குளோரிந்தா தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை. உடன்கட்டையிலிருந்து ஓர் ஆங்கில அதிகாரி அவரைக் காப்பாற்றினார் என்பார்கள். அந்த அதிகாரியோடு மணமாகாமல் வாழ்ந்ததால், அவர் கேட்டும் சுவார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அதிகாரி இறந்த பிறகு 1778-ல் கொடுத்தார். 1780-ல் எழுதிய பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இருந்த நாற்பது பேரில் முதல் பெயரே இவருடையதுதான். 1785-ல் பிரதிஷ்டை ஆன ஆலயத்தைக் கட்டியவரும் இவர்தான். புருஷனை இழந்தவள் என்று ஊர் ஒதுக்கிய ஒரு பெண், ஒரு சபையின் முதல் ஆளாக நின்றார் என்றால், அதுதான் ஞானஸ்நானத்தின் மகிமை. ஆனால் ஊர்ப் பேச்சில் அந்த ஆலயத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? பாப்பாத்தியம்மாள் கோயில்! அன்பாகத்தான் சொல்கிறார்கள். இருந்தாலும், ஞானஸ்நானத்தில் பெற்ற அழகான பெயரை விட்டுவிட்டு, அவர் பிறந்த சாதியைத்தானே நம் நாக்கு பிடித்துக்கொண்டிருக்கிறது?

"சாதி விட்டுக் கட்டினா நாளைக்கு நல்லது கெட்டதுக்கு யாரு வருவா?" என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான். சொந்தபந்தம் இல்லாமல் பெண் பிள்ளைகள் படும் பாடு எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பயத்துக்குப் பதில் ஞானஸ்நானத்துக்கு உள்ளேயே இருக்கிறது. ஞானத்தாய், ஞானத்தகப்பன் என்று எதற்காக நிற்க வைக்கிறோம்? ரத்தத்தில் வராத ஒரு சொந்தத்தை உண்டாக்கத்தானே! கத்தோலிக்கச் சட்டப்படி அவர்கள் பொதுவாகப் பதினாறு வயது நிரம்பி, விசுவாசத்தில் நடக்கிறவர்களாக இருக்க வேண்டும். நம்ம சாதியாக இருக்கணும், சங்கிலி போடணும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அதையெல்லாம் சேர்த்துக்கொண்டது நாம்தான்.

சகோதரிகளே, வீட்டில் வரன் பேச்சை முதலில் எடுப்பது பெரும்பாலும் நாம்தான். ஜாதகம் பார்ப்பதில்லை என்று பெருமையாகச் சொல்லும் நாம், மணமகள் தேவை விளம்பரத்தில் சபைப் பெயருக்குப் பக்கத்தில் சாதியை எழுதாமல் விடுவதில்லை. பெரிய புரட்சி எதுவும் செய்யச் சொல்லவில்லை. அடுத்த முறை உங்கள் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம் வைக்கும்போது, வேறு சாதியைச் சேர்ந்த ஒரு நல்ல விசுவாசியை ஞானத்தாயாகக் கூப்பிடுங்கள். பண்டிகைக்குப் போய் வந்து, நல்லது கெட்டதுக்குக் கூட நின்று பழகினால், இருபது வருஷத்தில் அவர்களும் நம்ம ஆளுகதான். விளம்பரத்தில் அந்த ஒரு வார்த்தையையும் அடித்துவிடுங்கள். வருகிற வரன் குறையலாம். குறைந்தால் என்ன? அந்த வார்த்தை வேண்டாம் என்று நினைக்கிற குடும்பம் ஒன்று வந்தால் போதாதா?

பிள்ளையைக் கடவுளுக்குச் சொந்தம் என்று கொடுத்துவிட்டு, கல்யாண நேரத்தில் சாதிக்குத் திருப்பிக் கேட்பது என்ன நியாயம்? தாய்மார்களே, கொஞ்சம் யோசிப்பீர்களா?

- ஓர் இல்லத்தரசி, பாளையங்கோட்டை.