கறுப்புக் கட்டங்களின் வகுப்பறை

கொரோனா பரவலால் 2020 மார்ச்சில் பள்ளி, கல்லூரிகள் மூடப்பட்ட பிறகு ஜூமும் கூகுள் மீட்டும் வகுப்பறைகளாயின. காணொலிச் சந்திப்புகள் ஏன் இவ்வளவு அலுப்பூட்டுகின்றன என்பதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெயிலன்சன் 2021-இல் நான்கு காரணங்களைச் சொன்னார். முகங்கள் மிக அருகில் நின்று முறைக்கின்றன. தன் முகத்தையே ஓயாமல் பார்க்க நேர்கிறது. உடல் அசைய வழியில்லை. பிறரின் சைகைகளைப் புரிந்துகொள்ள மூளை கூடுதலாக உழைக்கிறது. இணைய வகுப்புகளில் நம் ஊர் மாணவர்கள் பலர் கேமராவை அணைத்து இவற்றில் பாதியிலிருந்து தப்பிவிடுகிறார்கள். டேட்டா மிச்சம், ஒற்றை அறை வீடும் ஊருக்குத் தெரியாது. இதைச் சோம்பல் என்று திட்டுவது நியாயமில்லை. திண்டாட்டம் ஆசிரியருக்குத்தான். “புரிஞ்சுதா?” என்று கேட்டுவிட்டு, பெயர் மட்டும் தெரியும் கறுப்புக் கட்டங்களைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். யாரோ மைக்கை அணைக்க மறந்திருந்தால் குக்கர் விசில் பதிலாக வரும். நேரடி வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு முகம் சுளித்தாலே போதும், கணக்கை மறுபடி போட்டுக் காட்டுவார். இங்கே அந்த முகமே இல்லை. அதனால் ஒரு மணி நேர விரிவுரைக்குப் பதிவு செய்த வீடியோ போதும். நேரலையைச் சிறு குழுக்களின் கேள்வி பதிலுக்கு ஒதுக்குவதே உருப்படியான வழி.