கூண்டு ஏற்றிய பின் பேசுவது யார்?

இராயபுரத்திலும் காசிமேட்டிலும் வளர்ந்த பிள்ளைக்குப் புயல் கூண்டைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏறியிருக்கிறது என்பதைக் கேட்டே, நாளை படகு இறங்குமா, பள்ளி திறக்குமா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கணித்துவிடுவார்கள். ஆனால் கூண்டு புயலுக்கு முன்பு மட்டுமே பேசும். புயல் ஓய்ந்து, மின்சாரம் போய், தொலைபேசியும் ஊமையான பிறகு எண்ணூர்க் குப்பத்துச் செய்தியை நகருக்கு எடுத்துச் செல்வது யார்?

"ஆளுக்கொரு கைபேசி இருக்கிறதே!" என்பர் சிலர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அது இருக்கத்தான் செய்தது. கோபுரங்கள் செயலிழந்த பகுதிகளில் அது வெறும் கைவிளக்காகப் பயன்பட்டது!

ஆகவேதான் அமெச்சூர் வானொலியை, வழக்கில் 'ஹாம்' எனப்படுவதை, நம் பள்ளி கைக்கொள்ள வேண்டும் என்கிறோம். அரசின் தேர்வெழுதி உரிமம் பெற்ற ஒருவர், தம் வீட்டிலிருந்தே உலகெங்குமுள்ள தம்மைப் போன்றோருடன் வானொலியில் உரையாடும் கலை இது. வாணிபம் பேசுவதற்கோ பாட்டு ஒலிபரப்புவதற்கோ அனுமதி இல்லை. சிற்றலை வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தூரம் செல்வதால் இடையில் கோபுரம் வேண்டாம். கார் பாட்டரி ஒன்றே கருவிக்குப் போதும்.

2004 டிசம்பர் தொடக்கத்தில் தில்லியைச் சேர்ந்த திருமதி பாரதி பிரசாத் என்னும் ஹாம், குழுவினருடன் அந்தமான் சென்று போர்ட் பிளேரில் (இன்று ஸ்ரீ விஜயபுரம்) நிலையம் அமைத்தார். நோக்கம் பொழுதுபோக்குதான். நெடுங்காலமாக ஹாம் குரல் எழாத தீவுகள் ஆதலால், அவருடன் ஒரு நொடியேனும் பேசிவிட உலகெங்கும் பலர் காத்திருந்தனர். டிசம்பர் 26 காலை நிலம் குலுங்கியது, ஆழிப்பேரலை எழுந்தது, தொலைபேசிகள் அடங்கின. முந்தின நாள் வரை விளையாட்டாய் ஒலித்த அதே குரல், அன்று முதல் இன்னார் உயிரோடிருக்கிறார் என்ற செய்தியைத் தாய்நிலத்துக்கு அனுப்பலாயிற்று. கார் நிக்கோபார் தீவுக்கும் ஹாம் கருவி சென்றது.

பொழுதுபோக்கு என்று முகம் சுளிப்போர் இதைக் கவனிக்க வேண்டும். விளையாட்டு முன்பே நடந்துகொண்டிருந்ததால்தான் சேவை அன்றே தொடங்க முடிந்தது. இரைச்சலுக்கிடையே ஒரு பெயரைச் சரியாகக் கேட்பது, கேட்டதை எழுத்து மாறாமல் குறிப்பது, ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் திறவாதிருப்பது ஆகியவை ஒரே நாளில் வருபவையல்ல. (கடைசியாகச் சொன்னது நம் வகுப்புக்கு இப்போதே தேவை!) பள்ளிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பாரும் உண்டு. நேபாளத்தில் 1951-இல் புனித சவேரியார் பள்ளியைத் தொடங்கிய இயேசு சபைக் குரு மார்ஷல் மோரன், உலகறிந்த ஹாம்களுள் ஒருவர்.

நம் வட்டாரத்தின் நிலையோ தனி. ஒருபுறம் கடல்; மறுபுறம் மணலி எண்ணெய் ஆலையும் அனல் மின் நிலையங்களும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மக்களுக்கு முதற்செய்தி சொன்னது அவரவர் மூக்கு. ஹாம் நிலையம் வாயுவை நிறுத்தியிராது, உண்மை. எந்தத் தெருவில் யார் மூச்சுத் திணறுகிறார், ஆம்புலன்ஸ் எந்த வழியில் வரவேண்டும் என்று சொல்லப் பழகிய குரல் ஒன்று குப்பத்திலேயே இருப்பது எவ்வளவு உதவி!

பன்னிரண்டு வயது நிறைந்தவர் தேர்வெழுதலாம். மின்னியல், ஆன்டெனா, விதிமுறைகள் பற்றிக் கேட்பார்கள். பௌதிகத்தைக் கண்டு நடுங்காதவருக்குப் பாதி வேலை முடிந்தது. கருவியின் விலைதான் சற்று அதிகம். முன்னாள் மாணவியர் சங்கம் மனம் வைக்கட்டும்.

பெண்பிள்ளைகள் மொட்டை மாடி ஏறிக் கம்பி கட்டுவதா என்று பெற்றோர் கூட்டத்தில் கேள்வி எழும். பாரதி பிரசாத் யார் என்று சொன்னால் பாதிப்பேர் சமாதானமாவர். மீதிப்பேரைத் தலைமையாசிரியைச் சகோதரி பார்த்துக்கொள்வார். நாற்பது மீட்டர் அலைக்கு இருபது மீட்டர் கம்பி வேண்டும். பழைய கட்டடத்து மாடியில், தண்ணீர்த் தொட்டி முதல் மணிக்கூண்டு வரை, அதற்குத் தாராளமாக இடமிருக்கிறது.