முதல் மரியாதை எழுத்துக்கு



கேளம்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். சிறுசேரி சிப்காட்டில் வேலை, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே பணி. “பகலெல்லாம் ஆபீஸ் வேலை, ராத்திரி இரண்டு மணி நேரம் கேம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மானிட்டர் வாங்க வேண்டும். கடைக்குப் போனால் ஹெர்ட்ஸ், பிக்சல், பேனல் என்று அடுக்குகிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?” என்று கேட்கிறார். காலையில் பரனூரில் ரயிலை விட்டிறங்கி மஹிந்திரா வேர்ல்டு சிட்டிக்கு நடக்கிற கூட்டத்திலும் இதே கேள்வியோடு பலர் இருப்பார்கள். அதனால் இந்த இதழின் பக்கத்தை அவர்களுக்கே கொடுத்துவிடுகிறேன்.

முதலில், என்ன விளையாட்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2022இல் நம் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது நினைவிருக்கும். பூஞ்சேரி அரங்கில் ஒரு காயை நகர்த்தினால், பலகையிலிருந்த மின்னணு உணரிகள் வழியே உலகமெங்கும் திரைகளில் அந்தக் காய் நகர்ந்தது. அந்த நாட்களில் செஸ் பித்துப் பிடித்த பிள்ளைகள் நம் மாவட்டத்தில் எத்தனையோ பேர். அவர்கள் ஆன்லைனில் ஆடுவதற்குச் சாதாரண 60 ஹெர்ட்ஸ் திரை தாராளம். ஹெர்ட்ஸ் என்பது திரை ஒரு வினாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு. யோசித்து நகர்த்தும் ஆட்டத்துக்கு அதைவிட வேகம் தேவையில்லை.

வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் போன்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டங்கள், கார் பந்தயம் என்றால் கதை வேறு. 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 16.7 மில்லி வினாடி. 144 ஹெர்ட்ஸில் அது 6.9 ஆகக் குறைகிறது. மவுஸைத் திருப்பும்போது காட்சி தெறித்து ஓடாமல் வழுக்கிக்கொண்டு வரும். 240 ஹெர்ட்ஸுக்குப் போனால் 4.2. மேற்கொண்டு மிச்சமாவது மூன்று மில்லி வினாடிகூட இல்லை. போட்டிகளுக்குப் போகிறவரைத் தவிர மற்றவர்களுக்கு 144 அல்லது 165 போதும்.

இனி வேலைக்கு வருவோம். சில வருடங்களுக்கு முன் எங்கள் அலுவலகத்தில் அளவை மட்டும் பார்த்து 27 அங்குலத் திரை ஒன்று வாங்கினோம். பெரிய திரை, கண்ணுக்கு நல்லது என்று நினைத்தோம். அதில் மெய்ப்புப் பார்த்த ஒரு பக்கத்தில் ‘திருமணம்’ என்பது ‘திருமனம்’ என்றே அச்சேறிவிட்டது. மெய்ப்புத் திருத்துநர் இருபது வருட அனுபவசாலி. பக்கத்தில் உட்கார்ந்து நானும் அந்தத் திரையை உற்றுப் பார்த்தேன். மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் ஒரே மாதிரி மசமசவென்று தெரிந்தன. தவறு அவருடையதல்ல, திரையுடையது.

காரணம் எளிது. 1920க்கு 1080 பிக்சல் (புள்ளிகள்) கொண்ட திரையை 27 அங்குலத்துக்கு இழுத்தால், ஓர் அங்குலத்துக்கு 82 புள்ளிதான் கிடைக்கும். அதே பிக்சல்கள் 24 அங்குலத்தில் 92 ஆகும். 27 அங்குலத்தில் 2560க்கு 1440 என்றால் 109. 4கே என்றால் 163. ஆங்கில எழுத்தில் நேர்க்கோடுகள் அதிகம், குறைந்த புள்ளியிலும் சமாளித்துவிடும். நம் எழுத்து சுழியும் வளைவுமாக இருக்கிறது. புள்ளி குறைந்தால் சுழி அடைத்துக்கொள்ளும்.

ஆகவே கடைக்குப் போனால் ஓடும் டெமோ வீடியோவைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் லேப்டாப்பை அந்த மானிட்டரில் இணைக்கச் சொல்லுங்கள். ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, நீங்கள் வழக்கமாகப் படிக்கும் சிறிய எழுத்தளவில் வையுங்கள். ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து ‘ணை’, ‘னை’, ‘ழ்’ மூன்றையும் பாருங்கள். சுழி தனித்தனியாகவும் புள்ளி தெளிவாகவும் தெரிந்தால் அந்தத் திரை உங்கள் வேலைக்கு ஆகும்.

பேனல் வகையில், இரண்டு வேலைக்கும் பொதுவாக ஒத்துவருவது ஐ.பி.எஸ். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. வி.ஏ. பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும். ஆனால் விலை குறைந்தவற்றில் இருட்டுக் காட்சி வேகமாக நகரும்போது நிழல் இழுபடும். ஓ.எல்.இ.டி. விளையாட்டுக்கு அபாரம். ஆனால் அசையாத டாஸ்க்பாரும் எக்செல் கட்டங்களும் தினம் எட்டு மணி நேரம் நின்றால், நாளடைவில் அவற்றின் தடம் திரையில் பதிந்துவிடும் ஆபத்து உண்டு.

கடலோர வாசகர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை உப்புக்காற்று கம்பியையே தின்றுவிடுகிறது, கேபிள் சொருகும் முனையை விடுமா? திரையைக் கடல் பார்த்த ஜன்னலருகே வைக்காதீர்கள். காலை வெயில் திரையில் நேராக விழாதபடி ஜன்னலுக்குப் பக்கவாட்டில் மேசையைப் போடுங்கள். மின்சாரம் ஏறி இறங்கும் ஊராக இருந்தால் யு.பி.எஸ். வழியாகவே இணையுங்கள்.

வாங்கி வந்ததும் ஒரு வேலை பாக்கி. 144 ஹெர்ட்ஸ் திரையை இணைத்த பிறகும் கணினி பல சமயம் 60இலேயே ஓடிக்கொண்டிருக்கும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் போய் நீங்களே மாற்ற வேண்டும்.

கேளம்பாக்கத்து நண்பருக்கு என் முடிவு இது: 27 அங்குலம், 2560க்கு 1440, ஐ.பி.எஸ்., 144 ஹெர்ட்ஸுக்குக் குறையாதது. உயரம் ஏற்றி இறக்கும் ஸ்டாண்டு அவசியம். லேப்டாப்புக்குப் படமும் சார்ஜும் ஒரே ஒயரில் போகும் டைப்-சி இருந்தால் நல்லது. கையில் பணம் குறைவென்றால் அளவைக் குறைத்து 24 அங்குலத்தில் 1920க்கு 1080 வாங்குங்கள். அதே பிக்சலில் 27 மட்டும் வேண்டாம். விளையாட்டு இரண்டு மணி நேரம், எழுத்து எட்டு மணி நேரம். திரை எட்டு மணி நேரத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கி, இருபதடி தூரத்தில் எதையாவது இருபது வினாடி பாருங்கள். திரையை மாற்றிக்கொள்ளலாம், கண்ணை மாற்ற முடியாது.

அன்புடன்,
ஆசிரியர்