ஆறு பேர் சேர்ந்தால் ஒரு தோட்டம்

கொல்கத்தாவில் ரயில்வே குவார்ட்டர்சில் குடியிருக்கும் நம்மவர் வீடுகளுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வீட்டின் பின்பக்கம் பத்தடி மண் இருந்தால் போதும். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, வேலியில் ஓர் அவரைக்கொடி நிச்சயம் இருக்கும். மாடியில் குடியிருப்பவர்கள் எண்ணெய் டின்னில் மணத்தக்காளியாவது வைத்திருப்பார்கள். ஊரிலிருந்து 1,600 கிலோமீட்டருக்கு மேல் ரயிலேறி வந்து பிழைப்பு நடத்தினாலும் மண்ணைக் கிளறும் பழக்கம் நம்மை விட்டுப் போவதில்லை.

ஆனால் குவார்ட்டர்ஸ் கிடைத்தவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலானவர்கள் லேக் மார்க்கெட் பக்கத்திலும் கஸ்பாவிலும் பேஹாலாவிலும் ஒண்டுக்குடித்தனம் செய்கிறவர்கள். அவர்களுக்கு மண் என்பது செருப்பில் ஒட்டிவரும் சேறுதான். அதே நேரத்தில், அவர்கள் தினமும் கடந்து போகும் தெருக்களில் மாநகராட்சிக்குச் சொந்தமான சிறு சிறு மனைகள் காலியாகக் கிடக்கின்றன. அங்கே உடைந்த செங்கல், பிளாஸ்டிக் பை, மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர், தண்ணீரில் கொசு.

இந்த இடங்களை அந்தந்தத் தெருவாசிகளிடமே பொதுத் தோட்டம் போட ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்பது எழுத்துமூலமாக இருக்க வேண்டும். இதுதான் நமது கோரிக்கை.

காகிதம் இல்லாத தோட்டம்

எழுத்துமூலம் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நான் குடியிருந்த தெருவின் முனையில் ஒரு பொது நிலம் கிடந்தது. அது எந்த அலுவலகத்தின் பொறுப்பில் இருந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு தமிழ்க் குடும்பம், நான்கு வங்காளிக் குடும்பம், ஒரு பீகார்க்காரர் என்று ஏழு வீட்டார் சேர்ந்தோம். ஒரு குளிர்காலம் முழுவதும் ஞாயிறுதோறும் குப்பை வாரினோம். அடுத்த ஆண்டு வெண்டை, கத்தரி, பசலை எல்லாம் வந்தன. வங்காளிப் பாட்டி ஒருவர் பசலையைப் பார்த்துவிட்டு, "எங்கள் புய் சாக்கை நீங்களும் சாப்பிடுவீர்களா!" என்று வியந்தார். வசந்த காலத்தில் முருங்கைப் பூவை அவர்கள் பறித்துக்கொண்டார்கள். காயை நாங்கள் பறித்துக்கொண்டோம். ஐந்து வருடம் "நமஸ்கார்" என்பதோடு நின்றவர்கள் வீட்டுக்குள் வந்துபோகும் அளவுக்குப் பழகிவிட்டோம்.

மூன்றாவது வருடம் ஒரு காலை, லாரி வந்து நின்றது. ஜல்லியைக் கொட்டினார்கள். பிற்பகலுக்குள் பாத்திகள் மறைந்துவிட்டன. விசாரித்தபோது கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "உங்களிடம் காகிதம் இருக்கிறதா?" இல்லை. வாய்மொழியாக "செய்யுங்கள், செய்யுங்கள்" என்று சொன்னவர் மாற்றலாகிப் போயிருந்தார். குமாஸ்தா வேலை பார்க்கிற எனக்கே காகிதத்தின் அருமை அன்றுதான் புரிந்தது.

தாபா சொல்லும் பாடம்

பொது நிலத்தில் காய்கறி என்பது கொல்கத்தாவுக்குப் புதிய யோசனை அல்ல. நகரின் கிழக்கே உள்ள தாபாவை அறியாதவர் இல்லை. குப்பைமேடு என்றுதான் பலர் அறிவார்கள். 1860களில் நகரக் குப்பையைக் கொட்டுவதற்காக அங்கே ஒரு சதுர மைல் நிலம் கையகப்படுத்தப்பட்டது. குப்பையைச் சுமந்து செல்வதற்கென்றே நகராட்சி ஒரு தனி ரயில் பாதை போட்டது. ரயில்வேக்காரர்களான நமக்கு இது சுவையான செய்தி. 1880ஆம் ஆண்டு வாக்கில் பவநாத் சென் என்பவர் அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். மக்கிய குப்பையையே எருவாக்கி, கழிவுநீரையே பாசனமாக்கிக் காய்கறி சாகுபடிக்கு வழி செய்தார். இன்றுவரை அங்கே காலிபிளவரும் கீரையும் விளைந்து நகரச் சந்தைகளுக்கு வருகின்றன.

அதை அடுத்துள்ள மீன் ஏரிகளையும் சேர்த்து, கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களின் பெருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் துருபஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர். 1992இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் இந்த ஈரநிலங்களைக் காக்கும் தீர்ப்பை வழங்கியது. 2002 ஆகஸ்டில் 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2006இல் மாநில அரசு தனிச் சட்டமே இயற்றியது. கோஷ் 2018இல் காலமானார்.

தாபாவிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் மூன்று. ஒன்று, நகரத்தின் கழிவு வீணல்ல. வகை பிரித்தால் எரு. இரண்டு, மண்ணைச் சோதிக்காமல் இறங்கக் கூடாது. தாபாக் காய்கறிகளில் ஈயம் போன்ற கன உலோகங்கள் சேர்வது குறித்து ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறார்கள். மூன்று, நிலம் ஒருவருக்கு, குத்தகை ஒருவருக்கு, உழைப்பு வேறொருவருக்கு என்று இருந்தால், கடைசி ஆளுக்குத்தான் முதலில் ஆபத்து. குப்பைமேட்டுக்கு இடம் வேண்டும், சாலைக்கு இடம் வேண்டும் என்று வரும்போதெல்லாம் பாத்திகள்தான் முதலில் கண்ணில் படுகின்றன.

ஆறு பேர் கையெழுத்து

இங்கிலாந்தில் 1908ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. வீட்டோடு தோட்டம் இல்லாத சாமானிய மக்களுக்குக் காய்கறி பயிரிட நிலத் துண்டுகளை உள்ளாட்சி மன்றங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். வாக்காளர்களோ வரி செலுத்துவோரோ ஆறு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால், மன்றம் அந்தக் கோரிக்கையைப் பரிசீலித்தே ஆகவேண்டும். ஆறே பேர்! மந்திரி சிபாரிசு வேண்டாம், ஊர்வலம் வேண்டாம். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

நியூயார்க்கில் 1973இல் லிஸ் கிறிஸ்டி என்ற பெண்மணியும் அவரது நண்பர்களும் குப்பை நிறைந்த ஒரு மனையைச் சுத்தம் செய்து தோட்டம் போட்டார்கள். 1974இல் நகர நிர்வாகம் அந்த இடத்தை மாதம் ஒரு டாலர் வாடகைக்குக் கொடுத்தது. ஒரு டாலரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்த ஒரு டாலர் ரசீதுதான் ஆக்கிரமிப்பாளரைக் குத்தகைதாரர் ஆக்கியது. அந்தத் தோட்டம் இன்றும் இருக்கிறது. ஆனால் 1999இல் அதே நகரம் நூற்றுக்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்களை ஏலம் விட முனைந்தது. பொது அறக்கட்டளைகள் பணம் திரட்டி அவற்றை விலைக்கு வாங்கியதால்தான் தப்பின. ஆகவே காகிதம் இருந்தால் போதாது. அதில் காலக்கெடுவும் தெளிவாக இருக்க வேண்டும்.

நம்மவர் அதிகம் வாழும் சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் 2005இல் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழே, பள்ளிகளில், மருத்துவமனைகளில் என ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் உருவாயின. 2016 முதல் பூங்காக்களில் இரண்டரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள பாத்திகளைத் தனி நபர்களுக்கு மூன்றாண்டு வாடகைக்கு விடுகிறார்கள். கையகல நாடு அது. நிலத்தின் விலை அங்கே தங்கத்தின் விலை. அங்கே முடிந்தது 144 வார்டுகள் கொண்ட கொல்கத்தாவில் முடியாதா?

அவ்வளவு தூரம் போவானேன்? இருப்புப்பாதை ஓரத்து உபரி நிலத்தை 'அதிக உணவு உற்பத்தி'த் திட்டத்தின் கீழ் கடைநிலை, இடைநிலை ஊழியர்களுக்குப் பயிரிட லைசென்ஸ் கொடுக்கும் முறை ரயில்வேயில் வெகுகாலமாக வழங்கிவந்தது. நிலம் ரயில்வேக்கு, பயிர் பயிரிட்டவருக்கு. கட்டடம் எழுப்பக் கூடாது. இதே மாதிரியை மாநகராட்சி பின்பற்றினால் நிலம் பறிபோகும் என்ற பயமே வேண்டாம். ஆனால் மும்பையில் இருப்புப்பாதை ஓரக் கீரைக்குச் சாக்கடை நீர் பாய்ச்சுகிறார்கள் என்று எழுந்த புகார்களையும் மறக்கக் கூடாது. லைசென்ஸ் கொடுப்பவர்கள் தண்ணீருக்கும் வழி சொல்ல வேண்டும்.

செய்யவேண்டியவை

அப்படி ஓர் இடம் கிடைத்தால் எப்படி நடத்துவது? பட்ட அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலாவது, ஒப்பந்தம். குறைந்தது ஐந்து வருடம். திரும்பக் கேட்பதானால் ஓர் அறுவடைக் காலமாவது முன்னறிவிப்பு. பெயரளவுக்காவது வாடகை, அதற்கு ரசீது.

இரண்டாவது, மண் பரிசோதனை. வேளாண்மைத் துறையின் சாதாரணச் சோதனையில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து முதலியவை தெரியும், ஈயம் தெரியாது. கன உலோகச் சோதனையைத் தனியாகக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். பழைய பாட்டரியோ பெயிண்டோ கொட்டிய இடமானால், செங்கல் அடுக்கி, வெளிமண் நிரப்பி, உயரமான பாத்தி கட்டுவதே நல்லது. அத்தகைய இடத்தில் கீரையையும் கிழங்கையும் தவிர்க்கலாம். வெண்டை, கத்தரி, சுரை போன்ற காய்களில் ஈயம் ஏறுவது குறைவு. உயரப் பாத்திக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இந்த ஊரில் தரைப் பாத்தி ஆடி மாதத்தில் குளமாகிவிடும்.

மூன்றாவது, கொசு. திறந்த தொட்டி ஒன்றுகூட இருக்கக் கூடாது. தேங்கிய தண்ணீரில் முட்டையிலிருந்து கொசு பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஆகவே வாரம் ஒருமுறை எல்லாப் பாத்திரத்தையும் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். டெங்குக் காலத்தில் தோட்டத்தின் மேல் ஒரு புகார் வந்தால் போதும், தோட்டம் போய்விடும்.

நான்காவது, முறைப் பட்டியல். தண்ணீர் ஊற்றுவது யார், பூட்டுச் சாவி யாரிடம், விளைந்ததை எப்படிப் பங்கிடுவது என்பதெல்லாம் முதல் நாளே நோட்டில் எழுதப்பட வேண்டும். உள்ளூர்த் தோட்டங்கள் பூச்சியால் அழிவதைவிடப் பூசலால் அழிவதே அதிகம்.

ஐந்தாவது, எரு. ஒவ்வொரு வீட்டின் காய்கறித் தோலும் தோட்டத்தின் மூலையில் உள்ள குழிக்குப் போகட்டும். தாபாவுக்குப் போகும் லாரியில் அந்த அளவு பாரம் குறையும்.

இருக்க இடமில்லாதவர்கள்

ஒரு கேள்வி எழும். நடைபாதையில் குடும்பம் நடத்துகிறவர்கள் உள்ள நகரத்தில் கத்தரிக்காய்க்கு இடம் கேட்பது நியாயமா? நியாயமான கேள்விதான். யாரையும் கிளப்பிவிட்டுத் தோட்டம் போடுவதை நாம் ஆதரிக்கவில்லை. வீடு கட்டத் தகுதியுள்ள மனை வீட்டுக்கே போகட்டும். சதுரமில்லாத, ஒடுக்கமான, தாழ்வான துண்டுகள் எத்தனையோ உண்டு. அவற்றில் வீடும் வராது, பள்ளியும் வராது. இப்போது அங்கே வருவது குப்பையும் கொசுவும்தான். அந்தத் தோட்டத்திலும் நடைபாதைக் குடும்பங்களுக்கு ஒரு பாத்தி ஒதுக்கினால், பெயரில் மட்டுமல்லாமல் உண்மையிலேயே அது பொதுத் தோட்டம் ஆகும்.

இன்னொரு பேச்சு நம்மவர்களிடையே உண்டு. "நாம் வந்த இடத்தில் இருக்கிறோம். ரிட்டயர் ஆனால் ஊருக்குப் போகப் போகிறோம். நமக்கு ஏன் இந்த வம்பு?" என்பார்கள். முப்பது வருடம் வரி கட்டி, வாக்களித்து, பிள்ளைகளை வங்காளத்தில் படிக்கவைத்த பிறகும் நாம் வழிப்போக்கர்களா? ரிட்டயர் ஆனவர்களில் பலர் ஊருக்குப் போகவும் இல்லை. மகன், மருமகளோடு மூன்றாவது மாடியில் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு மண்வெட்டியும் ஒரு பாத்தியும் கொடுத்துப் பாருங்கள்.

நமது சங்கங்கள் பொங்கலுக்கும் பட்டிமன்றத்துக்கும் கூடுகின்றன. நல்லதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்காகவும் கூடட்டும். தத்தம் வார்டில் காலியாகக் கிடக்கும் மாநகராட்சி மனைகளைப் பட்டியல் எடுக்கட்டும். மனுவை வங்காளி மொழியில் எழுதி, வங்காளி அண்டை வீட்டாரின் கையெழுத்தை முதலில் வாங்கி, கவுன்சிலரிடமும் பூங்காத் துறையிடமும் கொடுக்கட்டும். தமிழர்களுக்கு என்று கேட்டால் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. தெருவுக்கு என்று கேட்க வேண்டும்.

மாநகராட்சிக்கும் ஒரு வார்த்தை. ஆறு பேர் கையெழுத்திட்ட மனு வந்தால் குறிப்பிட்ட நாட்களுக்குள் பதில் தருவது என்று ஒரு விதி செய்யுங்கள். பதில் 'முடியாது' என்று இருந்தாலும் பரவாயில்லை; காரணத்தோடு வரட்டும். ஜல்லி லாரி பதிலாக வரவேண்டாம்.

எங்கள் தெருமுனையில் அந்த ஜல்லி நெடுநாள் அப்படியே கிடந்தது. அதில் ஒன்றும் கட்டவில்லை. ஓர் ஓரத்தில் மட்டும், யாரும் தண்ணீர் ஊற்றாமலே, பழைய முருங்கை கற்களுக்கிடையே மறுபடியும் துளிர்த்திருந்தது. அந்தப் பாட்டி வந்து பூப்பறித்துக்கொண்டு போவதை நான் பார்த்தேன்.