பிக்கப் வண்டியின் தரம்: யாருடைய திருப்தி?

நடுத்தரப் பிக்கப் வண்டிகளை ஒப்பிடுவதற்கு அமெரிக்காவில் நிலைபெற்ற முறை ஒன்று உண்டு. ஜே.டி. பவர் நிறுவனத்தின் தொடக்கத் தர ஆய்வு, புதிய வண்டி வாங்கியவர் முதல் 90 நாள்களில் கண்ட குறைகளைக் கேட்டறிந்து, 100 வண்டிகளுக்கு இத்தனை குறைகள் எனக் கணக்கிடுகிறது. டொயோட்டா டகோமா, ஃபோர்டு ரேஞ்சர், நிசான் ஃபிரான்டியர் போன்றவை இத்தகைய எண்களால் வரிசைப்படுத்தப்படுகின்றன. அண்மைக்காலக் குறைகளில் பெரும்பங்கு தொடுதிரையையும் கைப்பேசி இணைப்பையும் பற்றியது என்பது சுவையான செய்தி. இம்முறைக்கு அடியில் சொல்லப்படாத எடுகோள் ஒன்று இருக்கிறது: வாங்கியவர், ஓட்டுபவர், ஏறிச் செல்பவர் ஆகிய மூவரும் ஏறத்தாழ ஒருவரே.

கேரளத்தின் கிழக்கு எல்லையில் இந்த எடுகோள் நிற்பதில்லை. பாலக்காட்டின் சிற்றூர் வட்டத்திலும் இடுக்கியின் உடும்பன்சோலை, பீருமேடு, தேவிகுளம் வட்டங்களிலும் பிக்கப் ஒரு தொழிற்கருவி. போட்டி மகிந்திரா பொலேரோ, டாடா யோத்தா, அசோக் லேலண்ட் தோஸ்த், இவற்றினும் சிறிய டாடா ஏஸ் ஆகியவற்றுக்கு இடையே நடக்கிறது. 2016இல் வந்த இசுஸூ வி-கிராஸும் 2022இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸும் விலையால் வேறு உலகத்தவை.

இரு மாவட்டங்களும் ஒரே வண்டியிடம் ஒரே பண்பை எதிர்பார்ப்பதில்லை. சிற்றூர்த் தோப்புகளில் இறக்கப்படும் கள் நாள்தோறும் பிற மாவட்டங்களுக்கு வண்டியேறுகிறது. இறக்கிய கணம் முதல் புளித்துக்கொண்டே செல்லும் சரக்கு அது. சமநிலம், நெடுந்தொலைவு, தாமதம் பொறாத சுமை; அங்கே தரம் என்பது விடியலில் தவறாமல் உயிர்பெறும் எஞ்சினும் எரிபொருள் சிக்கனமும். வட்டவடையின் காய்கறிக்கும் மறையூரின் வெல்லத்துக்கும் நிலைமை வேறு. தொலைவு குறைவு, ஏற்றம் செங்குத்து. முதல் கியரின் இழுவை, இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும் ஆற்றல், பின்புற ஸ்பிரிங் பட்டைகளின் தாங்குதிறன் ஆகியவையே அங்கு வழக்கைத் தீர்க்கின்றன. இவ்விரண்டையும் ஒரே மதிப்பெண்ணுக்குள் அடைப்பது, இரு வட்டார வழக்குகளைக் கூட்டிச் சராசரி காண்பது போன்றது.

2005இல் 702 சிசி, இரண்டு சிலிண்டர் எஞ்சினோடு வந்த ஏஸைத் தமிழ்ப் பேச்சு 'குட்டி யானை' ஆக்கிக்கொண்டது. செல்லப் பெயர்தான். ஆனாலும் உருவத்துக்கு மிஞ்சிய சுமையை ஏற்றலாம் என்ற ஒப்புதலும் அப்பெயருக்குள் ஒளிந்திருக்கிறது.

பொலேரோவா, யோத்தாவா என்று கேட்டால், காகிதத்தில் யோத்தா தாழ்ந்ததன்று. 2022இல் வந்த யோத்தா 2.0 இரண்டு டன் வரை ஏற்றும். எனினும் இடுக்கி மலையில் பொலேரோவையே தேர்ந்தெடுப்பது அறிவுடைமை எனத் தோன்றுகிறது. அதற்குக் காரணம் வண்டிக்கு வெளியே இருக்கிறது. 1947இல் வில்லீஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கிய நிறுவனம் மகிந்திரா. ஜீப்பிலேயே வளர்ந்த மலைப்பட்டறைகளின் கைப்பழக்கம் அதன் வாரிசுக்கும் உதவுகிறது. உதிரிப்பாகம் மாலைக்குள் கிடைக்குமா, மூன்று நாள் கழித்தா என்பது எந்தத் தொடக்கத் தர ஆய்விலும் இடம்பெறாத கேள்வி. வண்டி நின்றால் வருமானமும் நிற்கும் ஓட்டுநருக்கு முதற்கேள்வி அதுவே.

இந்த அனுகூலமும் தேய்ந்து வருகிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி பொதுவாக இடம்பெறுகிறது. அக்கரி எரிந்து நீங்க, புகைபோக்கி போதிய நேரம் சூடாக இருக்க வேண்டும். குறுந்தொலைவு ஓட்டமும் நீண்ட இறக்கமும் அச்சூட்டைத் தருவதில்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்பேனர் போதாது, கணினி வேண்டும். சமவெளியில் நீண்ட தூரம் ஓடும் கள் வண்டிக்கு இது பெரிதாகத் தெரியாமலே போகலாம்.

இனி, பின்னால் ஏறுபவர். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பாலான பெண்கள், விடியுமுன் ஜீப்புகளில் மலையேறுகிறார்கள். வேலை முடிந்து கிடைத்த சரக்கு வண்டியில் மூட்டைகளின்மேல் இறங்குவோரும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 147ஆம் பிரிவில் 1994இல் செய்யப்பட்ட திருத்தம், சரக்கு வண்டியில் உடன் செல்லும் சரக்கின் உடைமையாளரையும் அவருடைய பிரதிநிதியையும் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. கட்டணமின்றி ஏற்றிச் செல்லப்படும் பிறருக்கு அப்பாதுகாப்பு இல்லை என்பதை 2002இல் உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் தெளிவாக்கியது. ஏலமூட்டைக்கு உரியவர் அதனுடன் சென்றால் காப்பீடு உண்டு. அதைப் பறித்தவர் சென்றால் இல்லை.

'உடைமையாளர் திருப்தி' என்ற தொடர் இவரை இலக்கணப்படியே வெளியேற்றிவிடுகிறது. இவருக்குத் தரம் என்பது பின்கதவின் கொண்டி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் முழுச்சுமையோடு இறங்கியபின் பிரேக்கில் எஞ்சியிருக்கும் பிடி. இம்மூன்றையும் அளக்கும் ஒப்பீடு ஒன்று நிகழ்ந்தால், அதில் பொலேரோவுக்கும் யோத்தாவுக்கும் எதிரே நிறுத்த வேண்டிய போட்டி வண்டி, தொழிலாளரின் வேலைநேரத்துக்கு ஏற்பக் கம்பம்மெட்டு வழியாக ஏறி இறங்கும் ஓர் அரசுப் பேருந்து.